காட்டு ரப்பரின் வறட்சித் தேர்வு: மதிப்பெண்ணை யாருக்குப் போடுவது?

சென்னைக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. ஆனால் அது பொருளோடு உள்ள உறவு, மரத்தோடு இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியிலிருந்து இன்றைய ஒரகடம் டயர் ஆலைகள் வரை இங்கே உருட்டப்படும் ரப்பருக்குக் கணக்கில்லை. மரம் மட்டும் இங்கே நிற்காது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. மீதி மாதங்களில் அமேசான் காட்டு மரம் ஒன்று நம் ஊரில் என்ன செய்யும்?

முதுகலைத் தாவரவியல் வகுப்பில் பயிர்ப்பெருக்கம் (கலந்தும் தேர்ந்தெடுத்தும் நல்ல வகைகளை உருவாக்கும் பாடம்) எடுக்கும்போது, வறண்ட பகுதியில் நடப்பட்ட காட்டு ரப்பரை நிகழ்வு ஆய்வாகக் கொண்டுவருவது என் வழக்கம். முதல் நாள் யாராவது ஒருவர் மாடிப்படி ஓரத்துத் தொட்டிச் செடியைக் காட்டி "இதுதானே மேடம் ரப்பர் மரம்?" என்று கேட்பார்கள். அது ஆல், அத்தியின் உறவு. நாம் பேசும் ஹீவியா பிரேசிலியன்சிஸ் ஆமணக்கு, மரவள்ளியின் குடும்பம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

குறுகிப்போன வம்சம்

1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர், அமேசானின் கிளையான தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே சேகரிப்பின் வாரிசுகள்தான். துறைக்காரர்கள் இந்தத் தொகுதியை விக்ஹாம் வழி என்று சொல்வார்கள்.

அந்தச் சின்னத் தொகுதியை வைத்துக்கொண்டே பயிர்ப்பெருக்கத்தில் பெரிய வேலை நடந்தது. தேர்வு செய்யாத விதைக்கன்றுத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு 500 கிலோ அளவில் இருந்த விளைச்சல், நல்ல குளோன்களில் (ஒரே மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கிய வகைகளில்) 2,000 கிலோவைத் தாண்டியது. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் 1980-ல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 அதற்கு நல்ல சாட்சி. ஜாவாவின் ஜிர் 1, மலாயாவின் ஜிஎல் 1 இரண்டுக்கும் பிறந்த பிள்ளை அது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தோட்டத்துக்காரர்கள் வெறுமனே "நூற்றைந்து" என்றாலே போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் ஒரே தெருவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் போல, கலப்புக்குத் திரும்பத் திரும்ப அதே பெற்றோர்கள்தான். விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்வு செய்துகொண்டே போனதில் மற்ற குணங்கள் எத்தனை உதிர்ந்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஈரமான பகுதியிலேயே இருந்தவரை அது உறுத்தவும் இல்லை. கேரளத்திலும் குமரியிலும் இடம் நிரம்பி, கொங்கணம், ஒடிசா, சத்தீஸ்கர் என்று ரப்பர் நகர ஆரம்பித்தபோதுதான் உறுத்தியது.

1981: காட்டுக்குத் திரும்பிய பயணம்

சர்வதேச ரப்பர் ஆராய்ச்சி வளர்ச்சி வாரியம் 1981-ல் பிரேசிலுக்கு ஒரு சேகரிப்புக் குழுவை அனுப்பியது. ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோஸோ ஆகிய மூன்று மாநிலங்களின் காடுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் சேர்ந்தன. நன்றாகப் பால் கொடுக்கும் மரங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் காட்டிய 194 மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சிகளும் எடுத்தார்கள். சேகரித்ததில் பாதி பிரேசிலிலேயே தங்கியது. மீதியை மலேசியாவும் ஐவரி கோஸ்ட்டும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்துக்கொண்டன. மலேசியா வழியாக இந்தியாவுக்கு வந்தவை நாலாயிரத்து ஐநூறு சேகரங்களுக்கு மேல். சேகரம் என்பது தனிப்பெயர் கொடுத்துக் காக்கும் ஒரு மரபு மாதிரி.

சேகரத்தின் பெயரிலேயே ஊர் இருக்கும். ஏசி என்று தொடங்கினால் ஆக்ரே, ஆர்ஓ என்றால் ரொண்டோனியா, எம்டி என்றால் மாட்டோ குரோஸோ. அதற்கு அடுத்த எழுத்து மாவட்டத்தைச் சொல்லும். ஆக்ரேயின் சேகரிப்பு இடங்களில் ஷாபூரியும் ஒன்று. காட்டை அழிப்பதை எதிர்த்த ரப்பர் தொழிலாளி சிகோ மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஊர் அது. ரொண்டோனியாவோ அமேசானில் மிக அதிகமாகக் காடு அழிந்த மாநிலங்களில் ஒன்று. ஆக, வேண்டுமென்றால் மறுபடி போய் எடுத்துவரலாம் என்று நினைக்கக்கூடிய சேகரிப்பு இல்லை இது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நெல்லைப் போல ரப்பர் விதையை உலர்த்திக் குளிரறையில் வைக்க முடியாது. உலர்ந்தால் செத்துப்போகும், ஈரமாக வைத்தாலும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு சேகரத்தையும் உயிருள்ள செடியாகவே நிலத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம், களையெடுப்பு, காவல் எல்லாம் வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் சேகரங்களை இப்படி ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது யாரும் கைதட்டாத வேலை. ஆனால் அந்தச் செடிகள் இல்லாவிட்டால் கீழே வரும் கணக்குக்கே ஆதாரம் கிடையாது.

தாப்சரி

வறட்சிச் சோதனைக்கு இந்தியாவில் முக்கியமான இடம் வடக்குக் கொங்கணத்தில் உள்ள தாப்சரி. மகாராஷ்டிரத்தில், குஜராத் எல்லையை ஒட்டி, முன்பு தாணே மாவட்டம், இப்போது பால்கர். அங்கே மழை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல், சென்னையைவிட அதிகம். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து ஓடிவிடுகிறது. அதன்பின் ஆறேழு மாதம் வானம் வெளுத்தே கிடக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியை எட்டும், காற்று உலர்ந்திருக்கும். இரண்டு பருவமழையும் கிடைக்கிற குமரி மாவட்டத்துக் குலசேகரத்து மரத்துக்கு இந்த இடைவெளி என்றால் என்னவென்றே தெரியாது.

வறட்சியில் ரப்பர் மரம் படும் பாடு பல இடங்களில் தெரியும். இலைத்துளை மூடிக்கொள்வதால் உணவு தயாரிப்பு நிற்கிறது. வெயில் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பயன்படுத்த முடியாத அந்த ஒளிச்சக்தியே பச்சையத்தைச் சிதைக்கிறது. இலை வெளிறி, ஓரம் கருகி, உதிரும். தண்டின் பருமன் மாதக்கணக்கில் நின்றுபோகும். ஒட்டு இணைந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தான் ஒட்டுமரத்தில் பால்வெட்டு தொடங்கலாம் என்பது நடைமுறை. வழக்கமான பகுதியில் ஏழு ஆண்டு போல ஆகும் இந்தப் பக்குவம், வறண்ட பகுதியில் தள்ளிக்கொண்டே போகும். வெட்டத் தொடங்கிய பிறகும் தொல்லை தீராது. பால்குழாய்களுக்குள் இருக்கும் நீரழுத்தம்தான் பாலைத் தள்ளுகிறது. விடியற்காலையில் வெட்டுவதே அந்த அழுத்தம் அப்போது உச்சத்தில் இருப்பதால்தான். மண்ணில் ஈரம் இல்லையென்றால் விடியலிலும் அழுத்தம் ஏறாது.

பாசனம் கொடுத்தால் தாப்சரியிலும் மரம் வேகமாகப் பருக்கும் என்பது அங்கேயே சோதித்துப் பார்த்த விஷயம். கேள்வி, பாசனம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் குணம் மரத்துக்குள்ளேயே எங்காவது இருக்கிறதா என்பது.

அளந்தது என்ன, தெரிந்தது என்ன

இந்த வகைச் சோதனைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காட்டுச் சேகரங்களை ஒட்டுக்கன்றாக்கி, ஆர்.ஆர்.ஐ.எம். 600, ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற குளோன்களை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, திரும்பச்செய்த பாத்திகளில் (ஒவ்வொரு சேகரமும் பல பாத்திகளில் வரும்படி) நடுவார்கள். சுற்றளவு, உயரம், இலையடுக்குகளின் எண்ணிக்கை, பட்டைத் தடிமன், பட்டைக்குள் பால்குழாய் வரிசைகள், கோடை உச்சத்தில் இலை எவ்வளவு மஞ்சளித்தது, எவ்வளவு உதிர்ந்தது என்பதற்குக் கண்பார்வை மதிப்பெண் என எல்லாம் அளப்பார்கள். கன்று கொஞ்சம் பருத்ததும் சோதனை வெட்டுப் போட்டு, வரும் பாலை எடைபோடுவார்கள்.

பால் எடையைப் பார்த்தாலே வகுப்பு ஏமாந்துபோகும். காட்டு மரங்களின் சராசரி, விக்ஹாம் வழிக் குளோன்களுக்கு வெகு கீழே கிடக்கும். இது தாப்சரிக்கு மட்டும் உரியது இல்லை, காட்டுச் சேகரங்களை எங்கே நட்டாலும் இதே கதைதான். விளைச்சலுக்காக யாரும் தேர்வு செய்யாத மரங்கள், வேறென்ன எதிர்பார்க்க முடியும்? குலசேகரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் சொன்னார்: "மேடம், பால் இல்லாத மரத்தை எங்க ஊர்ல விறகுக்குத்தான் கொடுப்போம்."

அவர் சொன்னது தோட்டக் கணக்கில் சரி. பெருக்கக் கணக்கு வேறு. சராசரி எங்கே இருக்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அந்தப் பரவலில் மரபின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைக் கரும்பலகையில் போடுவேன். இவை பயிற்சிக்கான எண்கள், எந்தச் சோதனையின் முடிவும் இல்லை. சராசரிச் சுற்றளவு 20 செ.மீ., மூன்று திரும்பச்செய்தல், சேகரங்களுக்கிடையேயான சராசரி வர்க்கம் (வேறுபாட்டை அளக்கும் புள்ளியியல் எண்) 34, பிழையின் சராசரி வர்க்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். 34-இலிருந்து 10 போக 24, அதை மூன்றால் வகுத்தால் மரபு மாறுபாடு 8. பிழையையும் கூட்டினால் வெளித்தோற்ற மாறுபாடு 18. இரண்டின் விகிதம் 0.44. அதாவது கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் 44 சதவீதம் மரபிலிருந்து வருகிறது. மேலே உள்ள 5 சதவீதச் சேகரங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் எதிர்பார்க்கும் முன்னேற்றம் 2.06 (5 சதவீதத் தேர்வுக்கான மாறிலி), 0.44, 18-இன் வர்க்கமூலமான 4.24 ஆகிய மூன்றின் பெருக்கல். ஏறத்தாழ 3.9 செ.மீ. வரும். சராசரியில் அது 19 சதவீதத்துக்கு மேல்.

திருவொற்றியூர் மாணவி ஒருவர், அப்பா டயர் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர், உடனே பிடித்துக்கொண்டார்: "அப்போ சராசரி கம்மியா இருந்தாலும் இதுல சரக்கு இருக்கு." இருக்கிறது. பெயர்பெற்ற குளோன்களுக்குள் இவ்வளவு அகலமான பரவல் கிடைப்பது கடினம். மழை நின்ற பிறகும் பச்சை மாறாமல் பருத்துக்கொண்டே போகும் ஒன்றிரண்டு சேகரங்கள் அந்தப் பரவலின் ஓரத்தில்தான் இருக்கும்.

அடுத்த அவசரம் மாநிலத்தைப் பார்ப்பது. மூன்றில் மாட்டோ குரோஸோதான் தெற்கில் இருக்கிறது, நீண்ட வறண்ட பருவம் உள்ள மாநிலம், காடு முடிந்து புதர்ச்சவானா தொடங்கும் விளிம்பு. எனவே வறட்சிக்கு எம்டி சேகரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று ஒரு குழு எழுதிக்கொடுத்தது. தேடலைத் தொடங்க நல்ல இடம், அதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேயே நிற்பதற்கு ஒப்ப மாட்டேன். ரப்பர் அயல் மகரந்தத்தால் விதை பிடிக்கும் மரம். இப்படிப்பட்ட மரங்களில் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட ஒரே கூட்டத்துக்குள் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு பொதுவாகப் பெரிது. மாநில முத்திரையை மட்டும் நம்பினால் ஆக்ரேயின் நல்ல மரம் கைவிட்டுப் போகும்.

மண்ணுக்குக் கீழே இன்னொரு மரம்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறு. சோதனையில் நிற்கும் ஒவ்வொரு கன்றும் உண்மையில் இரண்டு மரம். ஒட்டுக்கு மேலே ஆக்ரேயோ மாட்டோ குரோஸோவோ. கீழே, எங்கோ ஒரு தோட்டத்தில் பொறுக்கிய கலப்பு விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. அந்த விதைகள் ஒவ்வொன்றும் மரபில் தனித்தனி. ரப்பர் நாற்றங்கால்களில் இதுதான் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் அளப்பது வறட்சி. வறட்சியைத் தாங்குவதில் பெரும்பங்கு வேருக்கு: எவ்வளவு ஆழம் போகிறது, காய்ந்த மண்ணிலிருந்து எவ்வளவு நீரை இழுக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதன் விளைவைக் கணக்கில் தேடிப் பாருங்கள். ஒரே சேகரத்தின் மூன்று திரும்பச்செய்தலில் மூன்று வெவ்வேறு வேர்கள். ஒன்று ஆழமாகப் போகிறது, இன்னொன்று மேலாகவே படர்கிறது. அந்த வித்தியாசம் எல்லாம் பிழை என்ற பெட்டிக்குள் போய் விழுகிறது. மேலே போட்ட கணக்கில் அந்த 10-க்குள் மண்ணின் ஏற்றத்தாழ்வு மட்டும் இல்லை, பெயரில்லாத வேர்ச்செடிகளின் மரபும் ஒளிந்திருக்கிறது. பிழை பெருத்தால் மரபின் பங்கு குறைவாகத் தெரியும், நல்ல சேகரமும் சுமாராகத் தெரியும். அது ஒரு பக்கம். இதைவிடப் பெரிய இழப்பு, காட்டு மரத்தின் சொந்த வேர் சோதனைக்கே வரவில்லை என்பது. ஒருவேளை ஒரு எம்டி மரத்தின் பலம் முழுவதும் அதன் வேரில் இருந்தால், தாப்சரியில் அது சாதாரண மரமாக நின்றுவிட்டுக் கழிக்கப்படும்.

எனவே இந்தச் சோதனைகளில் "வறட்சி தாங்கும்" என்று வரும் முடிவை "மேற்பகுதி வறட்சி தாங்கும்" என்று திருத்திப் படிக்கச் சொல்கிறேன். இலைத்துளையை மூடும் வேகம், இலைமெழுகு, பச்சையப் பாதுகாப்பு, பட்டையின் அமைப்பு எல்லாம் மேற்பகுதியின் சொத்து, அவற்றை நம்பலாம். வேரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வேறுபாடு குறைந்த, தெரிந்த ஒரே தாய்மர விதையிலிருந்து வேர்ச்செடி எடுக்கலாம். திசு வளர்ப்பில் சொந்த வேரோடு ரப்பர் கன்று உண்டாக்கும் முறையும் இருக்கிறது. செலவு அதிகம், எல்லாக் குளோனும் அதற்கு மசியாது. ஆயிரக்கணக்கான சேகரங்களுக்கு முடியாது. முதல் சுற்றில் தேறிய இருபதுக்குச் செய்யலாமே.

மற்ற சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கன்றில் நன்றாக இருந்தது பதினைந்து வயதில் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இலையை முன்கூட்டியே உதிர்த்துவிடும் மரத்துக்குக் கண்பார்வை மதிப்பெண் குறையும், ஆனால் உதிர்ப்பதே அதன் தப்பிக்கும் வழியாக இருக்கலாம். அதனால் மழை வந்தபின் அது எவ்வளவு வேகமாகத் துளிர்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாப்சரியில் ஜெயித்தது ஒடிசாவின் தேன்கனாலிலோ சத்தீஸ்கரின் சுக்மாவிலோ ஜெயிக்கும் என்பதும் இல்லை, அங்கெல்லாம் தனியாகத்தான் நட்டுப் பார்க்க வேண்டும்.

தேர்வுப் பட்டியல்

கடைசி வகுப்பில் மாணவர்களிடம் நூறு கற்பனைச் சேகரங்களின் அட்டவணையைக் கொடுத்துப் பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஒரு குழு சுற்றளவை மட்டும் பார்த்துப் பத்தை எடுக்கும். இன்னொன்று பச்சை மாறாதவற்றை எடுக்கும். குலசேகரத்து மாணவர் இருந்த குழு, பால்குழாய் வரிசை அதிகமுள்ள ஐந்தும் கோடையில் பருத்த ஐந்தும் எடுத்தது. எனக்குப் பிடித்தது அதுதான். இந்த மரங்கள் எதையும் யாரும் நேராகத் தோட்டத்தில் நடப்போவதில்லை. அடுத்த படி இவற்றை விக்ஹாம் வழிக் குளோன்களோடு கலப்பது. பெற்றோராக வேண்டியவை ஒரே குணத்தில் பத்துப் பேராக இருப்பதைவிட வேறு வேறு குணத்தில் இருப்பது பயன். தடியாக வளரும் ஒன்றிரண்டை மரத்துக்காகவும் பார்க்கலாம். வயதான ரப்பர் மரத்தின் பலகைக்கு இப்போது நல்ல சந்தை இருக்கிறது, விறகு விலை இல்லை.

கலப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்ததா? கையால் மகரந்தம் வைத்தால் நூறு பூவில் ஐந்து காய் நின்றாலே நல்ல ஆண்டு. ஒரு காய்க்கு மூன்று விதை. நாற்றங்காலில் ஒரு தேர்வு, சிறு பாத்தியில் ஒரு தேர்வு, பெரிய வயலில் ஒரு தேர்வு என்று ஒரு குளோன் வெளியே வர இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஆகிவிடும். ரப்பரின் மரபணுத்தொகுதி வரைவு 2013-ல் வெளியாகி, 2016-ல் இன்னும் தெளிவான வடிவம் கிடைத்த பிறகு, விதைக்கன்றிலேயே மூலக்கூறு அடையாளம் (குணத்தோடு சேர்ந்து வரும் டி.என்.ஏ. குறி) பார்த்துச் சில ஆண்டுகளைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. அதற்கும் முதலில் வயலில் சரியாக அளந்த குணம் வேண்டும். தப்பாக அளந்த சுற்றளவோடு எந்த அடையாளத்தைப் பொருத்தினாலும் தப்புதான் கிடைக்கும்.

"எங்க தோட்டத்துக்கு இதுல எந்தக் கன்னு மேடம் வாங்கலாம்?" என்று குலசேகரத்துத் தம்பி கேட்டார். இந்தப் பட்டியலிலிருந்து எதுவும் வேண்டாம், குமரிக்கு ரப்பர் வாரியம் பரிந்துரைக்கும் குளோனையே நடச் சொல்லுங்கள், நாற்றங்காலில் எந்த விதையில் ஒட்டுக் கட்டினார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாராம். நாற்றங்கால்காரர், "கிடைச்ச விதையிலதான்" என்று சொல்லியிருக்கிறார்.